ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்பு

ஐப்பசி 9, ஞாயிறு

விடியலில் இருந்து மழை. மூடுபனியில் வாசல் பலாமரம்கூடத் தெரியவில்லை. தீபாவளி ஜாக்கெட் ஒரு குவியல் பாக்கி. மெஷின் ஊசி வேறு முறிந்தது.

பத்து மணிக்குக் கிளிப் வந்தது. வீட்டுக்காரர் லைட் வேலை பார்க்கும் சென்னை ஸ்டுடியோவில் வருஷக்கணக்காக ஓடும் பேச்சு பாட்காஸ்ட். முழுசாக நான் கேட்டதே இல்லை. மணிக்கணக்கில் பேசுவார்கள், எங்கள் ஊர் வளப்பூர் சிக்னல் அதற்கெல்லாம் தாங்காது. ஞாயிறு தோறும் போடுகிற சிரிப்பு ஹைலைட் மட்டும்தான். யார் என்ன பேசினாலும் கடைசியில் கேமராவுக்குப் பின்னால் இருந்து ஒரு சிரிப்பு கேட்கும். விக்கல் மாதிரி இழுத்து இழுத்து, அப்புறம் பொலபொலவென்று கொட்டும். அது அவர் சிரிப்பு. அதைக் கேட்கத்தான் ஜனம் பார்க்கிறது.

ஆடிக்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு போன் கிடையாது. அடித்தால் ஸ்விட்ச் ஆஃப். ஆனால் ஞாயிறானால் சிரிப்பு மட்டும் தவறுவதில்லை. நன்றாகத்தான் இருக்கிறார். தின்றுகொண்டு, தூங்கிக்கொண்டு, பல்லைக் காட்டிக்கொண்டு. நானும் பாப்பாவும்தான் வேண்டாதவர்கள் ஆகிவிட்டோம்.

இன்றைய கிளிப்பில் நடுவில் ஒரு போன் மணி. நிகழ்ச்சி நடத்துகிறவர், “யாருப்பா செல்வம், போன்ல?” என்றார். “ஊட்டுல இருந்துங்க சார்,” என்றது இவர் குரல். போனைக் கட் பண்ணிவிட்டு அந்தச் சிரிப்பு. எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். முடிந்தது.

எந்த ஊடு? எனக்கு ஸ்விட்ச் ஆஃப். அங்கே எவளோ ஒருத்திக்கு மட்டும் மணி அடிக்குமோ?

பாப்பா திரும்பத் திரும்பப் போட்டாள். “அம்மா, அப்பா சிரிக்குது பாரு.” போனைப் பிடுங்கி அரிசி டப்பாவுக்குள் போட்டேன். அழுதாள். அழட்டும்.

ஐப்பசி 10, திங்கள்

மழை விட்டது. அட்டை ஒன்று காலில்.

மாமாவிடம் சொன்னேன். பெற்ற தகப்பன், கொஞ்சம் கோபப்படுவார் என்று பார்த்தேன். மிளகுக் கொடியைக் கட்டிக்கொண்டே, “அவன் அங்க வேற ஊடு பாத்துக்கிட்டான் கண்ணு. நீ மனசத் தேத்திக்க,” என்றார்.

“உங்க மகனைப் பத்தி நீங்களே இப்படிப் பேசலாமுங்களா?” என்று கத்திவிட்டேன். நான் மட்டும் நேற்று வேறென்ன நினைத்தேனாம்.

ஆவணியில் போலீஸில் எழுதிக் கொடுக்கக் கிளம்பினேன். செம்மேடு பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பிவிட்டேன். முந்தின நாள்தான் சிரித்திருந்தார். சிரிக்கிற ஆளைக் காணோம் என்று எப்படி எழுதிக் கொடுப்பது?

சின்ன ஸ்கூல் டீச்சர் ஜாக்கெட், கை இறக்கம் கூட்ட வேண்டும். மறக்கக் கூடாது.

ஐப்பசி 12, புதன்

செம்மேடு. நூல் (மெரூன், கிளிப்பச்சை), ஹூக், ஊசி, பாப்பாவுக்கு இருமல் மருந்து. பஸ்ஸில் நிற்க இடமில்லை. பின்னால் ஒரு பையன் போனில் அந்தச் சிரிப்பு! ரிங்டோனாக வைத்திருக்கிறான். திரும்பி முறைத்தேன். பாவம், அவனுக்கு என்ன தெரியும்.

நூல் கடை மல்லிகா அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். “நீ ஏன் புள்ள இத்தன நாளு வாய மூடிட்டு இருந்தே? அந்தக் கிளிப்புக்குக் கீழயே எழுதிப் போடு. ஊரே பார்க்கட்டும்,” என்றது. அக்காவே டைப் அடித்துக் கொடுத்தது: இது என் கணவர் சிரிப்பு. ஆடியில் இருந்து பேசவில்லை. எங்கே இருக்கிறார் என்று சொல்லுங்கள். என் நம்பரும் போட்டோம்.

வீடு வருவதற்குள் அதற்குக் கீழே வரிசையாகச் சிரிக்கிற பொம்மைகள். ஒருத்தன், “அக்கா செம காமெடி.”

நாசமாய்ப் போக.

ஐப்பசி 14, வெள்ளி

எழுதிவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

மத்தியானம் ஸ்டுடியோவில் இருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். கிளிப் வெட்டுகிற பெண்ணாம். எடுத்தவுடன், “அக்கா, செல்வம் அண்ணன் அங்க ஊர்லதானே இருக்காரு?” என்றாள்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. “இல்லீங்க, அங்க உங்ககூடத்தானே இருக்காரு. போன ஞாயித்துக்கிழமகூடச் சிரிச்சாரே?”

அவள் மெதுவாக, “அது பழைய எபிசோடுக்கா. அண்ணன் சிரிப்பை ஜனங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க. அதான் பழசுல இருந்து எடுத்து எடுத்துப் போடுறோம். அவரு ஆடி நோம்பிக்கு ஊருக்குப் போறேன்னு பையோட கிளம்பினாரு. வரல. போனும் போகல. ஊர்லயே தங்கிட்டாருன்னு நினைச்சோம்.”

ஊருக்குத்தான் கிளம்பியிருக்கிறார். என்னிடம் வரத்தான்.

அந்தக் கிளிப்பின் முழு எபிசோடு லிங்க்கை அனுப்பினாள். செம்மேடு ஓடினேன், மல்லிகா அக்கா கடையில் சிக்னல் நிற்கும். மணி அடிக்கிறது. “ஊட்டுல இருந்துங்க சார்.” கட். சிரிப்பு. கிளிப் அதோடு முடியும். இதில் முடியவில்லை. வெளியே போய்ப் பேசிவிட்டு வருகிறார். “எங்கூட்டுச் செவலை கன்னு போட்டிருக்குதாம் சார். பொட்டைக் கன்னு!”

அய்யோ. அது நான். நான்தான் கூப்பிட்டேன். முதலில் கட் பண்ணினார், நான் திட்டலாம் என்று இருந்தபோது அவரே கூப்பிட்டார். “வேலைல இருந்தேன் சாமி, சொல்லு,” என்றார். அந்தக் கன்று வளர்ந்து இன்று கட்டுத்தரையில் சினையாக நிற்கிறது.

யாரோ ஒருத்தியை ஐந்து நாளாக மனசுக்குள் வைத்துத் திட்டிக்கொண்டிருந்தேன். எவளுமில்லை. இருந்து தொலைந்திருக்கலாம். அவளோடாவது எங்கேயோ உயிரோடு இருக்கிறார் என்று இருந்திருக்குமே.

மாமாவிடம் சொன்னேன். கையில் இருந்த சோற்றைத் தட்டில் போட்டுவிட்டு எழுந்து போனார்.

ஐப்பசி 15, சனி

ஸ்டேஷன். மாமாவும் வந்தார். ஏட்டு நல்ல மனுஷன், உட்காரச் சொன்னார். “கடைசியா எப்பம்மா பேசினாரு?” ஆடியில். “அப்புறம் ஏன் இத்தன நாள் வரல?” மாமாதான், “போன்ல சிரிச்சுட்டு இருந்தானுங்க,” என்றார். ஏட்டுக்கு விளங்கவில்லை. நான் விளக்கினேன். பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார், மறுபடி எடுத்து அடையாளம் கேட்டார்.

அடையாளம்: வலது புருவத்தில் தழும்பு. மாநிறம். இடது கையில் லைட் சுட்ட வடு. சிரிப்பு என்றும் சொன்னேன். அதை எழுதவில்லை.

கிளம்பின நாள், ஏறின பஸ், வழியில் ஆஸ்பத்திரிகள் எல்லாம் விசாரிக்கிறேன் என்றார். எல்லாம் என்றால் என்னென்ன என்று கேட்கப் பயம். கேட்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் மாமா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். “நா அவனப் பத்தி என்னென்னமோ பேசிட்டனே சாமி.” நானும்தான்.

ஐப்பசி 16, ஞாயிறு

பனி. ஜாக்கெட் எதையும் தொடவில்லை. டீச்சரிடம் நாளை என்று சொல்லி அனுப்பினேன்.

ஸ்டேஷனில் இருந்து ஒன்றும் இல்லை.

பத்து மணிக்குக் கிளிப். போன வாரத்து அதே துண்டு, எல்லோருக்கும் பிடித்ததாம், மறுபடி போட்டிருக்கிறார்கள். பாப்பா என் முகத்தைப் பார்த்தாள். “போடட்டுமாம்மா?” போடு என்றேன்.

மணி அடிக்கிறது.

எடுங்க. நான்தான்.