சோற்றை விட்ட அரிசிக்கடைக்காரருக்கு

என்னங்க, நேற்று கடையில் வைத்துச் சொன்னீர்களே:

"சோறு விஷமாக்கும், சங்கரி."

"அப்ப நாம விக்கிற அரிசி?"

"அது வாங்குறவங்களுக்கு."

மட்டாஞ்சேரி பஜாரே சிரிக்கிறது. தேங்காயெண்ணெய் போன வாரம் விஷம், இந்த வாரம் மருந்து. முட்டையில் முன்பு மஞ்சள்கரு என் பங்கு, இப்போது வெள்ளைக்கரு.

தங்கை வசந்தியைப் பார்க்கச் சுள்ளிக்கல் போகிறேன். மதியத்துக்குக் கப்பைக்கிழங்கு அவித்து வைத்திருக்கிறேன். அதைப் பற்றி எந்த வீடியோவும் பார்க்காமல் சாப்பிடுங்கள். வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டு ஜிஷாவிடம் கொடுங்கள்.

இன்னொன்று. ஆறு மணிக்கு மேல் சாப்பிடக் கூடாது என்று போனில் யாரோ சொன்ன நாளிலிருந்து, இரவில் நான் தனியாகத்தான் சாப்பிடுகிறேன். சொல்லத் தயங்கியே மாதங்கள் போய்விட்டன. எட்டு மணிக்கு வந்துவிடுவேன். இன்றைக்கு என்னோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள்.