பெங்களூரில் இருக்கும் அத்தை

ஜூன் 2, திங்கள்

வெட்கக்கேடுதான், இருந்தாலும் எழுதுகிறேன். இன்று பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுச் சிரித்தேன். தண்ணீர் கேன் போடுகிற ஆளுக்கு மாடிப்படியில் லுங்கி அவிழ்ந்துவிட்டது. தோளில் கேன். பிடித்தால் கேன் போகும், விட்டால் மானம் போகும். அவர் கேனைக் காப்பாற்றினார். இதற்குச் சிரிக்காமல் எப்படி இருப்பது?

சத்தமாகச் சிரித்தால் தம்பி பெண்டாட்டி தேவிப்பிரியா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நிற்பாள். "அண்ணி, மாத்திரை போட்டீங்களா?" மெதுவாகத்தான் கேட்பாள். கெட்டவள் இல்லை.

எனக்கு பைபோலார். முன்பெல்லாம் சில மாதம் ஆகாசம், சில மாதம் பாதாளம். கட்டினவர் மாத்திரைச் சீட்டைப் பார்த்த வாரமே கொண்டுவந்து தம்பி வீட்டில் விட்டார். இப்போது ரொம்ப நாளாகத் தரையில்தான் நடக்கிறேன். ஆனாலும் சிரித்தால் நோய், அழுதால் நோய். சும்மா கிடந்தால் மட்டும் சுகமாம்.

ஜூன் 7, சனி

ஆவடி கூட்டம். சர்ச்சுக்குப் பின்னால் ஒரு ஹால். எங்களைப் போல மனசுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சனிக்கிழமை கூடிப் பேசுவோம். புதிதாக ஒருவர், ஃபெலிக்ஸ். பிறந்தது இங்கே குவார்ட்டர்ஸில், பேச்சு மட்டும் அப்பா அம்மாவோடு தூத்துக்குடியிலிருந்து வந்தது. அவருக்குக் காதில் குரல்கள் கேட்கும்.

நான் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டேன். குரல் கேட்பது வேறே, நம்முடையது வேறே இல்லையா?

தையல்கடை ஷைலாவுக்கு மனச்சோர்வு. அவள் என்னிடம், "எனக்கு வெறும் துக்கந்தான்க்கா. உன்ன மாறி ஆட்டம்லாம் கெடையாது" என்கிறாள். பைத்தியம் என்று ஊர் எல்லோரையும் ஒரே கூடையில் போடுகிறது. நாங்கள் கூடைக்குள் மேல் தட்டு, கீழ் தட்டு பார்க்கிறோம்.

ஜூன் 9, திங்கள்

தம்பி மகள் எழிலுக்கு மாப்பிள்ளை முடிவாகிவிட்டது. பூந்தமல்லிப் பையன். ஜூலை ஆறு நிச்சயம். எங்கள் குடும்பத்தில் பெண்ணைக் கைபிடித்துச் சபைக்குக் கூட்டிவருவது அத்தை. எழிலுக்கு இருப்பது ஒரே அத்தை. பச்சைப் பட்டுப் புடவையை எடுத்து வெயிலில் காட்டினேன். பாச்சை உருண்டை வாசனை போகவில்லை.

ஜூன் 14, சனி

கூட்டம் முடிந்து அம்பத்தூர் பஸ். ஃபெலிக்ஸும் ஏறினார். முன் சீட்டில் உட்கார்ந்து தனியாகப் பேசிக்கொண்டே வந்தார். கையை ஆட்டி யாரையோ வேண்டாம் வேண்டாம் என்றார். திரும்பி என்னைப் பார்த்து, "அக்கா" என்றார். பக்கத்தில் இருந்த அம்மா கேட்டார், "உனுக்குத் தெரிஞ்சவராம்மா?"

"தெரியாதும்மா" என்றேன்.

அவர் காதில் விழுந்துவிட்டது. அடுத்த ஸ்டாப்பில் இறங்கினார். அது அவர் ஸ்டாப் இல்லை.

ஜூன் 21, சனி

ஃபெலிக்ஸ் வரவில்லை.

ஜூன் 23, திங்கள்

தம்பி கஜபதி என் அறைக்கு வந்து மின்விசிறியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, நீ பெங்களூர்ல கீறன்னு மாப்ள ஊட்டுக்காரங்க கைல சொல்லிட்டேன்."

"பெங்களூர்ல எனக்கு இன்னாடா வேல?"

"பொண்ணு ஊட்ல இப்டி ஒருத்தர் கீதுன்னா பயப்புடுவாங்கக்கா. கல்யாணம் முடியட்டும், அப்பால சொல்லிக்கலாம்."

"பஸ்ஸா, டிரெயினா?"

"இன்னாது?"

"நான் பெங்களூர் போனது."

அவன் சிரிப்பான் என்றுதான் கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். திட்டக்கூட வாய் வரவில்லை. என்னன்னு திட்டுவேன் — பஸ்ல நான் இன்னா பண்ணேன்? அவனாவது பெங்களூர்ல உக்கார வெச்சான். நான் அந்த மனுசன இல்லவே இல்லன்னுட்டேனே.

ஜூன் 28, சனி

ஃபெலிக்ஸ் வந்தார். கடைசி நாற்காலி. நான் என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவர் பக்கத்தில் போட்டேன்.

"அன்னிக்கு பஸ்ல நான் சொன்னது தப்பு. திட்டணும்னா திட்டு."

அவர் காதைத் தொட்டுக் காட்டினார். "ஏற்கெனவே நாலு பேரு காதுக்குள்ள ஏசிட்டுக் கெடக்கான். நீங்க அஞ்சாவதா என்னையும் ஏசச் சொல்லுதீங்க. எடம் இல்லக்கா."

ஹால் அதிரச் சிரித்தேன். ஷைலா, "மெதுவா சிரிக்கா, கூரை ஓடு வுழுந்துரும்" என்றாள். அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். திரும்பும்போது அதே பஸ். கண்டக்டர், "ரெண்டு பேரும் ஒண்ணா?" என்றார். ஒண்ணு என்றேன்.

ஜூலை 2, புதன்

எழில் மடியில் வந்து படுத்தாள். "அத்தே, நான் அப்பா கைல பேசறேன். நீதான் என்னைக் கூட்டினு போவணும்." வேணாம்மா, நல்ல காரியத்துல பிரச்சினை பண்ணாத என்றேன். வாய் அப்படிச் சொன்னது. மனசு, பேசு எழிலு, பேசு என்றது.

ஜூலை 5, சனி

நாளைக்குச் சபைக்கு வா என்று யாரும் கூப்பிடவில்லை. பட்டை மடித்தேன். பிரித்தேன். மடித்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

விருந்தாளிகள் வருவதற்கு முன்னே கிளம்பிவிட்டேன். எங்கே என்று தேவிப்பிரியா கேட்கவில்லை. தலையில் பூ மட்டும் வைத்துவிட்டாள். பட்டைக் கட்டிக்கொண்டுதான் போனேன். பெட்டிக்குள் அது யாருக்குக் காத்திருக்கும்?

ஆவடி ஹாலில் இன்று எங்கள் கூட்டத்துக்காரர்கள் சேர்ந்து சமையல். தம்பி சொன்ன பொய்யை ஷைலாவிடம் சொல்லியிருந்தேன், அவள்தான் கூப்பிட்டாள். வாசலிலேயே, "பெங்களூர்ல குளிர் எப்டிக்கா?" என்றாள். "ஸ்வெட்டர் தைக்கத்தான் உன்னாண்ட வந்தேன்" என்றேன்.

வெங்காயம் நறுக்கும்போது எழில் போட்டோ அனுப்பினாள். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். சபைக்கு வருகிறாள். கையைப் பிடித்திருப்பது தேவிப்பிரியாவின் தங்கை. எழிலின் இன்னொரு கை சும்மா தொங்குகிறது. அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஷைலா கத்தியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

பிறகு சாம்பார் வாளியை நானும் ஃபெலிக்ஸும் ஆளுக்கு ஒரு பக்கம் தூக்கினோம். என் பக்கம் நழுவிவிட்டது. பாதி தரையில், கால்வாசி பட்டில், மீதி ஃபெலிக்ஸ் சட்டையில். ஷைலா, "பட்டு கட்டிக்கினு எவளாச்சும் சாம்பார் தூக்குவாளா? கண்ணு இன்னா பொடனிலயா கீது உனுக்கு?" என்று கத்தினாள். ரொம்ப நேரம் கத்தினாள். மாத்திரை போட்டியா என்று மட்டும் கேட்கவில்லை. நின்று முழுவதும் கேட்டேன்.

ஒரு முருங்கைக்காய் ஃபெலிக்ஸ் சட்டைப் பையில் பேனா மாதிரி நின்றது. எடுத்துக் கடித்தார். உப்பு கம்மி என்றார்.