மூத்தவளை அனுப்ப மாட்டேன்

அன்புள்ள அம்மாவுக்கு,

ஸ்தோத்திரம். மூட்டு வலி தேவலையா? புனேயில் நாங்கள் நால்வரும் சுகம்.

"மூத்தவள இங்கன அம்பாசமுத்திரத்துக்கு அனுப்பிரு, நீ கொஞ்சம் உறங்கலாம்லா" என்று போனில் சொன்னீர்கள். அடுத்த மாதம் நான் வேலைக்குத் திரும்பினாலும் அனுப்ப மாட்டேன்.

நேற்று மத்தியானம் கைக்குழந்தையைத் தட்டிக்கொண்டே நான்தான் முதலில் உறங்கிப்போனேன். விழித்துப் பார்த்தால், மூன்று வயது ஜாஸ்லின் என் முதுகைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். காலை ஷிப்ட் முடிந்து வந்த அவள் அப்பாவிடம், "பைய பேசுங்கப்பா, அம்மா உறங்குதால்லா" என்று அதட்டல் வேறு. அவளை அனுப்பிவிட்டால் என்னை யார் உறங்க வைப்பது?

சின்னவன் சிணுங்குகிறான், முடிக்கிறேன். நீங்கள் உடுத்திப் பழசான நூல் சேலை இரண்டு அனுப்புங்கள். ஒன்று தொட்டில் கட்ட. இன்னொன்றைத் துவைக்காமல் அனுப்புங்கள், எதற்கென்று கேட்காதீர்கள்.

மகள்,
பியூலா