அந்தோனியாரைக் கரையில் இறக்கிவிட்டுப் போனவர்

இஞ்சருங்கோ, உங்கள் தம்பி நேற்றும் ஒரு மீனைக் கொண்டுவந்து நம் வீட்டுக் கேற்றில் கொழுவிவிட்டுப் போனான். குசினியில் வைத்து வெட்டினேன். நல்ல பாரை, வெளியே ஒரு காயமும் இல்லை. கத்தி நடுவில் இறங்கியதும் தெரிந்துவிட்டது. முள் உள்ளேயே முறிந்து கிடந்தது, இரண்டு பக்கமும் கறுத்த இரத்தம். சதை பழைய சோறு மாதிரிக் குழைந்து வந்தது. வெடியில் செத்த மீன். வெடி மீனை இப்படித்தான் அறிவது என்று முந்தி எனக்குக் காட்டித்தந்தவரே நீங்கள்தானே.

அன்றைக்கும் எல்லாம் இப்படி ஒரு மீனில்தான் தொடங்கியது. வலை விரித்தால் எண்ணெய்ச் செலவுக்கும் காணாத காலம். நீங்களும் தம்பியும் ஒரே படகில் போய் வந்தீர்கள். திடீரென்று மீன் நிறைய வந்தது. எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்லமாட்டேன். பிறகு ஒருநாள் கறிக்கு வெட்டிய மீனில் முள் முறிந்திருந்தது. டைனமைற் போடுகிறீர்களா என்று நேரே கேட்டேன். ஊரில் ஆர்தான் செய்யவில்லை என்று சுவரைப் பார்த்துச் சொன்னீர்கள்.

இந்த மீன் என் சட்டியில் ஏறாது என்றேன். நீங்களும் விடாக்கண்டர். பிடித்த எல்லாவற்றையும் விற்றுவிட்டு, கிண்ணியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் விற்க வரும் முஸ்லிம் நானாவிடம் வீட்டுக் கறிக்கு மீன் வாங்கித் தந்தீர்கள். கடல்காரர் வீட்டிலேயே மீன் வாங்குகிறார்களே என்று அந்த மனிதர் சிரிப்பார். நானும் சிரித்துச் சமாளிப்பேன்.

அதைவிடப் பெரிய கூத்து அந்தோனியார். படகை மந்திரித்து ஆசீர்வதித்த அன்று பாதர் தந்த அவருடைய சின்னச் சுருவச் சிலை ஒன்றை நீங்கள் படகின் முன்பக்கத்தில் கட்டியிருந்தீர்கள். வெடி கொண்டுபோவதென்றால் மட்டும் முதல் நாள் பின்னேரமே அதை அவிழ்த்துச் சாரத்து மடியில் சுற்றிக் கொண்டுவந்து குசினி மேசையில் வைப்பீர்கள். அவர் பார்க்கக்கூடாதாம். அந்தக் கரையில் இன்னும் சிலரும் அப்படித்தான் செய்தார்கள். புனிதரைக் கரையில் இறக்கிவிட்டால் கடலில் நடப்பது கடவுளுக்குத் தெரியாது என்பது உங்கள் எல்லோருடைய எண்ணம். எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும்.

ஆனால் எனக்கு அது நல்ல அறிவித்தல். விடிய எழும்பியதும் மேசையைத்தான் பார்ப்பேன். அந்தோனியார் அங்கே நின்றால் அன்று வெடி. பிள்ளையில்லாத வீட்டில் அவரும் நானுமாகக் கடல் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டிருப்போம். அமத்தலாக ஒரு சத்தம் வரும். அலுமாரிக் கண்ணாடி அதிரும். அதற்குப் பிறகுதான் உண்மையான பயம் தொடங்கும். திரியைக் கட்டையாக வெட்டிக் கையைப் பறிகொடுத்தவனையும், செத்த மீனை அள்ளக் கீழே போய் மேலே வராதவனையும் நம் கரையில் தெரியாதவர்கள் இல்லை. உங்கள் படகுச் சத்தம் கேட்கும்வரை நான் அடுப்பு மூட்டமாட்டேன்.

ஞாயிறு தவறாமல் பூசைக்கு வந்தீர்கள். உள்ளே வராமல் வாசல் தூணோடு நின்றீர்கள். சனம் நற்கருணை நன்மை எடுக்க வரிசையாகப் போகும்போது வெளியே இறங்கி வேப்பமரத்தடிக்குப் போய்விடுவீர்கள். பாதரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யுங்கள் என்று ஓயாமல் அரித்தேன். ஒருநாள் கோபத்தில் சொன்னீர்கள்: “செய்யிறதை விடாமல் போய் மன்னிப்புக் கேக்கிறது கடவுளை ஏமாத்திப் பேய்க்காட்டிற வேலை. விட்டிட்டுத்தான் போவன்.” கள்ளமில்லாத மனிதர் என்று பெருமையாக இருந்தது. இந்த நேர்மையே உங்களை முடித்துவிடும் என்று பயமாகவும் இருந்தது. ஏனென்றால் விடுகிற நாள் வரவேயில்லை. நத்தார் கழியட்டும் என்றீர்கள். பிறகு தவக்காலம் வரட்டும் என்றீர்கள். பெரிய வெள்ளியும் வந்து போனது, மேசையில் அந்தோனியாரும் வந்து வந்து போனார்.

பாதர் ஒருநாள் வேப்பமரத்தடிக்கே வந்து உங்களோடு கதைத்தார். அவரிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறீர்கள். அவர் சிரித்துவிட்டு, “மகன், ஊத்தையெண்டுதானே கிணத்தடிக்குப் போறனாங்கள்? குளிச்சு முடிச்சிட்டே போறனாங்கள்?” என்று கேட்டாராம். பாதருக்கு என்ன தெரியும், அவருக்குப் படகா இருக்கிறது என்று வழியெல்லாம் புறுபுறுத்துக்கொண்டு வந்தீர்கள். அன்று மத்தியானம் வைத்த சோறு அப்படியே கிடந்தது.

அடுத்த மாரியில் ஒருநாள் விடிய எழும்பிப் பார்த்தேன், மேசை வெறுமையாக இருந்தது. வலைக்குத்தான் போயிருக்கிறீர்கள் என்று நிம்மதியாக அடுப்பை மூட்டினேன். நீங்கள் வெறுங்கையோடு திரும்பி வந்தீர்கள். பின்னால் தம்பி கத்திக்கொண்டு வந்தான். அவன் வாயால்தான் விஷயம் தெரிந்தது. முதல் நாள் மழைக்குப் பயந்து ஓடிவந்ததில் சுருவத்தை அவிழ்க்க மறந்துவிட்டீர்கள். கடலில் மீன் கூட்டம் கொதித்துக்கொண்டு நிற்க, வெடியைக் கையில் எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனவர் அந்தோனியாரைக் கண்டுவிட்டீர்கள். திரியைப் பற்றவைக்காமல் கொண்டுபோன எல்லாவற்றையும் தண்ணீருக்குள் போட்டுவிட்டீர்கள். தம்பி உங்களை விசரன் என்றான். இனி உங்களோடு தொழிலுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

சட்டைகூட மாற்றாமல், மண்ணெண்ணெய் மணத்தோடு பாதரிடம் பாவசங்கீர்த்தனத்துக்கு நடந்தீர்கள். திரும்பி வந்து குசினி வாசலில் இருந்துகொண்டு என்னிடம் சொன்னீர்கள்: “நானாய் விடேல்லையப்பா. மறந்துபோய் அந்தோனியாரோட போயிட்டன்.” நீங்கள் அழுததை அன்றுதான் பார்த்தேன். எனக்கு உங்களைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. தேத்தண்ணி போட்டுத் தந்தேன்.

பிறகு வலையும் தூண்டிலும்தான். வீட்டில் கஷ்டம் வந்தது, கஷ்டத்தோடு சண்டையும் வந்தது. ஆனால் நன்மை எடுக்கும் வரிசையில் என் பின்னால் நின்றீர்கள். பயம் மட்டும் போகவில்லை, ஆள்தான் மாறியது. நீங்கள் கரையில், தம்பி கடலில். சத்தம் கேட்டதும் கிழிந்த வலை பொத்துகிற உங்கள் கை நின்றுவிடும். ஒருநாள் அவனை இடதுகையில் துணி சுற்றி ஆசுபத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள். விரல்கள் போய்விட்டன. காயம் ஆறியதும் மற்றக் கையை நம்பித் திரும்பவும் போனான். நீங்கள் அவனைத் திட்டவில்லை. ஞாயிறு தோறும் அவன் வீட்டு வாசல் படலையில் போய் நின்று பூசைக்குக் கூப்பிட்டீர்கள். அவன் வெளியே எட்டிக்கூடப் பார்க்கமாட்டான். அடுத்த ஞாயிறும் போவீர்கள்.

கடல்தான் உங்களைக் கொண்டுபோகும் என்று அத்தனை வருடம் நடுங்கினேன். நீங்கள் காய்ச்சலில், ஆசுபத்திரிக் கட்டிலில் போனீர்கள். பாதர் கடைசி எண்ணெய் பூசிவிட்டுப் போன பிறகு என் கையைப் பிடித்துச் சொன்னீர்கள்: “வெடியை விட்டிட்டு வா எண்டு அவனைக் கேக்காதை. வா எண்டு மட்டும் கேள்.”

கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். வரமாட்டான். ஆனால் அண்ணி தனிய இருக்கிறாள் என்று கேற்றில் மீன் கொழுவ மறக்கமாட்டான். அவன் பாசம் முழுக்க முள் முறிந்த மீனாகத்தான் எனக்கு வருகிறது. நான் அதைச் சமைப்பதில்லை, வேலியோரம் குழி வெட்டித் தாட்டுவிடுகிறேன். நேற்றும் தாட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். நாளைக்கு விபூதிப் புதன், தவக்காலம் தொடங்குகிற நாள், நெற்றியில் சாம்பல் பூசுவார்கள், வா என்றேன். விடிய வேலை இருக்கு என்றான். என்ன வேலை என்பது அவன் மனைவியின் முகத்தில் தெரிந்தது.

இன்று காலை பூசையில் பாதர் சாம்பல் கிண்ணத்தைக் கையில் எடுத்தார். கடல் பக்கம் அந்தச் சத்தம் கேட்டது. கோயில் யன்னல்கள் அதிர்ந்தன. எல்லோரும் கேட்காத மாதிரி நின்றார்கள். அவன் முடிந்தான் என்றே நினைத்தேன். வரிசையில் போய் நின்றபோது பின்னால் ஆரோ வந்து நின்றார்கள். திரும்பினால் உங்கள் தம்பி. இடதுகையைச் சட்டைக்குள் ஒளித்திருந்தான்.

“நான் இன்னும் விடேல்ல அண்ணி,” என்றான். “வெடியோட படகை மற்றவையளிட்டக் குடுத்து அனுப்பிப்போட்டு வந்தனான்.”

எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் படகில் போனவர்களுக்கும் வீட்டில் பெண்கள் இருக்கிறார்கள். அதைக் கேட்கத்தான் வாய் உன்னியது. கேட்கவில்லை. “முன்னுக்கு வா,” என்று இடம் விட்டேன். மனந்திரும்பச் சொல்லிப் பாதர் அவன் நெற்றியில் சாம்பலைப் பூசினார்.

பூசை முடிந்ததும் அவன் கடற்கரைக்கு ஓடினான். நானும் போய் நின்றேன். படகு வந்ததும் உங்களுக்குச் சொல்லலாம் என்று பார்த்தேன். உச்சி வெயிலாகிவிட்டது, இன்னும் காணவில்லை. நான் வீட்டுக்கு வந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அவன் நெற்றிச் சாம்பலோடு கரையிலேயே நிற்கிறான், கூப்பிட்டும் வரமாட்டானாம். என்ன செய்தி வரப்போகிறதோ தெரியாது. எது வந்தாலும் ஞாயிற்றுக்கிழமை நான் அவன் படலைக்குப் போகவேண்டும். இந்தமுறை அவன் கதவைத் திறந்துவிடுவானோ, திறந்து தனக்குப் பதிலாகப் போனவர்களைப் பற்றி என்னைக் கேட்பானோ என்றுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.