தொண்ணூறு நாள் தீனி

திண்டுக்கல்
5 மார்ச் 2025

மரியாதைக்குரிய மாமாவுக்கு,

இனிகோ எழுதிக்கொள்வது. நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கேட்கிற உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா என்று தெரியவில்லை. குடியை நிறுத்த வைக்கும் இந்த இல்லத்தில் சேர்ந்து இன்று மூன்றாவது நாள். கைபேசியை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். காகிதத்தில் எழுதலாம், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை உங்கள் மாடிப்படியில் ஒரு வலைக்கூண்டு இருந்திருக்கும். கேட்காமல் வைத்தது தப்பு. கேட்டிருந்தால் கதவைச் சாத்தியிருப்பீர்கள். உள்ளே இருப்பது பச்சோந்திக் குஞ்சு, நாலு மாதம். நம்மூர்ப் பச்சோந்தியை வளர்ப்பது சட்டப்படி குற்றம். இது ஏமன் நாட்டு இனம். பதிவுத்தாள் கூண்டுக்கு அடியில் நீல உறையில் இருக்கிறது. குடிக்கத் தோன்றுகிற சாயங்காலங்களில் கண்ணும் கையும் வேறு எதிலாவது இருக்கட்டும் என்று ஜனவரியில் வாங்கினேன். முப்பத்தோரு சாயங்காலம் தாங்கினேன். முப்பத்திரண்டாவது நாள் தோற்றுப்போனேன்.

தினமும் காலையில் பத்து சில்வண்டு. டப்பாவில் இருக்கிறது, தீர்ந்தால் மீன், பறவை விற்கிற டேவிட்சன் கடையில் கிடைக்கும். எலும்பு பலப்படுவதற்காகப் பக்கத்தில் இருக்கும் வெள்ளைப் பொடியில் புரட்டிக் கொடுக்க வேண்டும். கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் குடிக்காது. செம்பருத்தி இலையில் தெளித்தால் நக்கும். என்ன தின்றது என்று ஒரு நோட்டில் குறித்து வைத்தால் நல்லது.

இன்னொன்று. ஜூன் முதல் தேதி எனக்குத் தொண்ணூறு நாள் முடிகிறது. குடும்பத்தில் ஒருவர் வந்து பொறுப்பேற்றால்தான் விடுவார்கள். யாரும் வராவிட்டால் இன்னும் தொண்ணூறு நாள். அப்பா அம்மா இல்லாதவனுக்குக் குடும்பம் என்றால் நீங்களும் உங்கள் மகளும்தான். ஹில்டா ஏழு மாதமாக என்னை விட்டு உங்கள் வீட்டில் இருப்பது ஏன் என்பதை நான் மறக்கவில்லை. கேட்டு வைக்கிறேன், அவ்வளவுதான்.

இனிகோ

*

தூத்துக்குடி
12 மார்ச் 2025

இனிகோ அறிவது,

உம்முடைய காகிதம் வந்தது. வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். இதுவும் நான் சொல்லச் சொல்ல எழுதப்படுகிறது. எழுதுகிற கை யாருடையது என்று கேட்க வேண்டாம். கேட்டால் பேனா கீழே போய்விடும் என்று எழுதுகிற ஆளே சொல்லுகிறது.

இங்கே சுகம்தான். உம்முடைய சுகத்தைக் கேட்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை. போன வருஷம் ஆகஸ்ட் ஐந்து, திங்கட்கிழமை, மாதா திருநாள். குடித்துவிட்டு, சப்பரம் பார்க்க என் மகளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனீர். ஆறே கால் மணிக்கு பீச் ரோட்டில் மணல் குவியலில் ஏற்றிக் கவிழ்த்தீர். அவளுக்கு வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது. ஆஸ்பத்திரியில் நீர் நின்றது மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில். சட்டை பச்சைக் கோடு போட்டது. வாயைத் திறக்காமலே வாடை வந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு எல்லாம் மண்டையில்தான் நிற்கும். அங்கே அழிக்க ரப்பர் கிடையாது.

உம்முடைய பிராணியைத் தூக்கித் தெருவில் வைக்கத்தான் போனேன். அது ஒரு கண்ணால் என்னையும் மறு கண்ணால் தெருவையும் பார்த்தது. முப்பது வருஷம் தோணியில் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய் வந்தவன் நான். எந்தச் சுங்கக்காரனும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. சரி, இருக்கட்டும் என்று விட்டேன்.

எனக்கு எதற்கு நோட்டு? போன வியாழன் ஒன்பது தின்றது, ஒன்று தப்பி அலமாரிக்கு அடியில் போனது. சனி பத்து, ஞாயிறு பத்து, திங்கள் எட்டு, நேற்று ஏழு, இன்று ஆறு. வெள்ளிக்கிழமை ஒன்றும் கொடுக்கவில்லை. தவக்காலம். வெள்ளிக்கிழமை என் வீட்டில் மீன்கூடக் கிடையாது. வீட்டில் இருக்கிறது வீட்டு ஒழுங்கில் இருக்கட்டும்.

ரோச்
(இடது பெருவிரல் ரேகை)

*

திண்டுக்கல்
20 மார்ச் 2025

மாமாவுக்கு வணக்கம்.

ஆகஸ்ட் ஐந்தைப் பற்றி நீங்கள் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. சட்டைக் கோடு பச்சை என்பது எனக்கே ஞாபகம் இல்லை.

எழுதுகிற கையைப் பற்றி நான் கேட்கவில்லை. முன்பு நிமிர்ந்து நிற்கிற எழுத்து. இப்போது வலப்பக்கம் சாய்கிறது. காகிதத்தை நாலைந்து தடவை பிரித்து மடித்தேன், வாசிப்பதற்காக இல்லை.

வெள்ளிக்கிழமை விஷயம். மாமா, அதற்கு நாம் இன்னும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. வளர்கிற குஞ்சு, ஒரு நாள்கூடப் பட்டினி போடக் கூடாது.

பத்து, எட்டு, ஏழு, ஆறு என்று இறங்குவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. இதில் தப்பு என்னுடையது. தினமும் சில்வண்டையே கொடுத்தால் அதற்குச் சலித்துவிடும். பிறகு வாயையே மூடிவிடும். ஒரு பூச்சியில் இருக்கிற சத்து இன்னொன்றில் இருக்காது. மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும் என்று டேவிட்சன் அப்போதே சொன்னான். நான் இருந்த நிலையில் காதில் ஏறவில்லை.

வெட்டுக்கிளி நல்லது. முடியில்லாத பச்சை இலைப்புழு, விளக்கடிக்கு வருகிற அந்துப்பூச்சி நல்லது. மாவுப்புழு கொழுப்பு, வாரத்துக்கு இரண்டு நாள் போதும். எதுவானாலும் அதன் இரண்டு கண்ணுக்கும் நடுவில் உள்ள அகலத்தைவிட நீளமாக இருக்கக் கூடாது. எருக்கஞ்செடியில் இருக்கும் புழு விஷம். மின்மினி ஒன்று போதும், செத்துப்போகும். கருவாட்டுக் களத்து ஈ வேண்டவே வேண்டாம். எங்கே என்ன மருந்து தெளித்தார்களோ தெரியாது. பிடித்து வந்ததை ஒரு நாள் வைத்து, முருங்கை இலை போட்டு, அதன் வயிறு நிறைந்த பிறகு கொடுங்கள். பூச்சி தின்றதுதான் இதற்கும் போய்ச் சேரும்.

எழுபத்தொன்பது வயசில் உங்களைப் பூச்சி பிடிக்கச் சொல்லுகிறேன். வேறு யாரிடம் சொல்ல?

இனிகோ

*

தூத்துக்குடி
2 ஏப்ரல் 2025

இனிகோ அறிவது,

உம்முடைய காகிதம் வருவதற்கு முந்தியே அது வாயை மூடிவிட்டது. நாலு நாள். சில்வண்டு அதன் முதுகில் ஏறி நடக்கிறது, இது கண்ணைத் திருப்பிக்கொள்கிறது. உமக்கு உடனே எழுதவில்லை. எழுதினால் நீர் அங்கே சுவர் ஏறிக் குதிப்பீர் என்று வீட்டில் பேச்சு.

முதலில் கோயிலுக்குப் போய்ச் சாமியாரிடம் கேட்டேன். "பெரியவரே, பூச்சி இறைச்சியில சேராது. சேந்தாலும் நோன்பு உங்களுக்குத்தான், அதுக்கு இல்ல" என்று சிரித்தார். அந்தப் பாரம் இறங்கியது.

பிறகு மருந்தடிக்காத இடம் எது என்று யோசித்தேன். உப்பு விளைகிற பூமியில் எவன் மருந்தடிப்பான்? மினிபஸ் ஏறி மாப்பிள்ளையூரணிப் பக்கம் இறங்கி, உப்பளத்து வரப்பில் கோரைப்புல்லுக்குள் துண்டை விரித்துக்கொண்டு குனிந்து குனிந்து போனேன். உப்பு வாருகிற பெண்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

"அண்ணாச்சி, என்னத்தத் தொலைச்சிய?"

"வெட்டுக்கிளி புடிக்கேன்."

"பொரிக்கதுக்கா?"

"என் மருமவன் பச்சோந்திக்கு."

ஒருத்தி சொல்லுதா: "ஏளா, மருமவனுக்கு ஆக்கிப் போட்ட காலம் போயி, மருமவன் பச்சோந்திக்கு ஆக்கிப் போடுத காலம் வந்துட்டு." அத்தனை பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்து ஆளுக்கு இரண்டு பிடித்துத் தந்தார்கள்.

மருமவன் என்கிற வார்த்தை எட்டு மாதம் கழித்து என் வாயில் வந்தது. வந்துவிட்டது, என்ன செய்ய.

மறுநாள் காலையில் ஒரு வெட்டுக்கிளியைக் கிளையில் விட்டேன். இரண்டு கண்ணும் ஒன்றாக முன்னால் திரும்பின. நாக்கு வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. 1961இல், கடைசி முத்துக்குளிப்பில், பதினைந்து வயசில் நான் படகில் நின்று கயிறு பிடித்தேன். குளிக்கிறவன் அடியிலிருந்து கயிற்றைச் சுண்டினால் அது கைக்கு வந்து சேருகிற வேகம் இருக்கிறதே, அந்த வேகம். நாலு தின்றது. நான் கத்தின கத்தில் எழுதுகிற ஆள் அடுப்படியில் இருந்து ஓடிவந்தது.

வெள்ளைப் பொடி தீர்ந்துபோனது. கணவாய் மீனின் ஓட்டைச் சுரண்டிப் புரட்டினேன். சரியா என்று டேவிட்சனிடம் கேட்டால் அவன் சொல்லுதான்: "அண்ணாச்சி, நீங்க சுரண்டுததத்தான் டப்பால அடைச்சி எங்களுக்கு அனுப்புதாங்க."

ரோச்
(இடது பெருவிரல் ரேகை)

*

திண்டுக்கல்
14 ஏப்ரல் 2025

மாமாவுக்கு,

நாலு நாளை மறைத்தது நல்லது. மார்ச் இருபத்துமூன்றாம் தேதி நான் மூட்டையைக் கட்டி வாசல்வரை போய்விட்டேன். வாசலில் நின்றவர், "எங்கே போவே?" என்று மட்டும் கேட்டார். மூட்டையோடு திரும்பி வந்து படுத்தேன். அன்றைக்கு அது பட்டினி என்று தெரிந்திருந்தால் திரும்பியிருக்க மாட்டேன்.

உங்கள் உப்பளத்துக் காகிதத்தை இங்கே எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். காயல்பட்டினத்துக்காரர் ஒருவர், பெரிய வியாபாரி, சேர்ந்த நாளிலிருந்து யாரிடமும் பேசாதவர், தினமும் காலையில் வந்து, "உங்க மாமா இன்னைக்கு என்ன புடிச்சிருப்பாரு?" என்று கேட்கிறார். நான் யோசித்து ஒன்று சொல்லுவேன். அவர் தலையாட்டிவிட்டுப் போவார்.

இப்போது தின்பதால் ஒரே வெட்டுக்கிளியில் நின்றுவிடாதீர்கள். அதுவும் சலிக்கும். சில்வண்டை ஒரு வாரம் மறக்க விட்டுப் பிறகு திரும்பக் கொடுத்துப் பாருங்கள், புதுசு மாதிரி எடுக்கும்.

ஜூன் முதல் தேதியைப் பற்றி இங்கே கேட்கிறார்கள். என்ன சொல்லட்டும்?

இனிகோ

*

தூத்துக்குடி
6 மே 2025

மாப்பிள்ளை அறிவது,

சுகம், உம்முடைய சுகத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன். அதற்கு ஒரு பெயர் வைத்துவிட்டேன். கப்பித்தான். கப்பல் தலைவன் மாதிரி உச்சிக் கிளையில் ஏறி நின்று நம்மையெல்லாம் வேலை வாங்குகிறதே, வேறு என்ன பெயர் வைக்க?

நீர் சொன்னது சரி. சில்வண்டை எட்டு நாள் கண்ணில் காட்டாமல் ஒன்பதாம் நாள் விட்டேன், பாய்ந்து எடுத்தது. முந்தாநாள் கோடை மழை பெய்து ஈசல் கிளம்பியது. இருபத்திரண்டு தின்றது, இறகு மட்டும் வாயோரத்தில் ஒட்டிக்கொள்ள, மீசை வைத்த மேனேஜர் மாதிரி உட்கார்ந்திருந்தது. வாழைப்பழத் தோலைப் புட்டியில் அழுக வைத்தேன், சின்ன ஈ பிறந்தது. அது இப்போது கப்பித்தானுக்கு ஆகாது, ரொம்பச் சின்னது என்று டேவிட்சன் சொல்லுதான். ஆனாலும் வேடிக்கைக்கு ஒன்றிரண்டு நக்குகிறது. பட்டுப்புழு தென்காசியிலிருந்து ஒரு ஆள் கொண்டுவந்தார். மல்பெரி இலைக்கு நான் பட்ட பாடு தனிக் கதை. இன்றைய தேதிக்கு ஏழு வகை ருசி பார்த்திருக்கிறது. உடம்பு மட்டும் ஒரு சாண்.

பக்கத்து வீட்டு சிவசுப்பிரமணியன், "பெரியவரே, பாரஸ்ட்காரன் வந்து அள்ளிட்டுப் போயிருவான்" என்றார். நீல உறையை எடுத்து நீட்டினேன். தலைகீழாகப் பிடித்திருந்தேன் போல. அவர் திருப்பிப் பிடித்து வாசித்துவிட்டு, "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று ஒரு மாதிரிப் போனார்.

எழுதுகிற ஆள் பாடம் நடத்துகிற பள்ளிக்கூடம் லீவு. முருங்கை இலை உருவுகிறது அதன் வேலை. கோபம் வந்தால் கப்பித்தான் கறுக்கிறான். எழுதுகிற ஆளும்தான்.

ரோச்
(இடது பெருவிரல் ரேகை)

*

திண்டுக்கல்
20 மே 2025

மாமாவுக்கு,

கப்பித்தான் என்ற பெயர் நன்றாக இருக்கிறது. மாப்பிள்ளை என்று எழுதியிருந்தது அதைவிட நன்றாக இருந்தது.

ஜூன் முதல் தேதிக்கு யாரும் வருவதாக நீங்கள் எழுதவில்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை. நான் கேட்டது அதிகம். இன்னும் தொண்ணூறு நாளைக்கு இங்கேயே இருப்பதாக மேலாளரிடம் சொல்லிவிட்டேன். கட்டில் ஜன்னலோரம் கிடைத்திருக்கிறது.

அதனால் அடுத்த மூன்று மாதத்துக்கான தீனியைச் சொல்லிவிடுகிறேன். ஏழு மாதம் ஆகிவிட்டால் எண்ணிக்கையைக் குறைத்துப் பெரிய பூச்சியாகக் கொடுக்கலாம். பத்து மாதத்துக்குப் பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். அப்போது உங்கள் வெள்ளிக்கிழமை நோன்பை அதுவும் இருக்கலாம். வெயில் அதிகமான நாளில் மூன்று தடவை தண்ணீர் தெளியுங்கள். நீங்கள் வெயிலில் வரப்புக்குப் போகாதீர்கள்.

முருங்கை இலை உருவுகிறவர்களுக்குக் கை வலித்தால், கீரையை அப்படியே கொத்தோடு போட்டாலும் பூச்சி தின்னும்.

இனிகோ

*

தூத்துக்குடி
31 மே 2025

இனிகோவுக்கு,

இதை அப்பா கையில் கொடுத்தனுப்புகிறேன். இது அவர் சொல்லி நான் எழுதியதில்லை. உறையை ஒட்டவில்லை. ஒட்டினாலும் ஒட்டாவிட்டாலும் அவருக்கு ஒன்றுதான்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பதில் இருந்தது. மார்ச் மாதம் அப்பா வாயே திறக்கவில்லை, உண்மை. ஏப்ரல் மாதம், உப்பளத்துக் கதையைச் சொல்லி முடித்ததும், "எழுது ஏளா, ஜூன் ஒண்ணாந்தேதி நான் வாரேன்னு எழுது" என்றார். நான் எழுதவில்லை. வாசித்துக் காட்டச் சொன்னார். எழுதாததையும் சேர்த்து வாசித்தேன். மே மாதமும் அப்படியே. உங்கள் காகிதத்தில் நீங்கள் மறுபடி கேட்ட வரியை விட்டுவிட்டு, "சரி மாமா, காத்திருக்கிறேன்" என்று இருப்பதாக வாசித்தேன். எழுத்துத் தெரியாத மனுஷனை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் இதைச் செய்தேன்.

முறிந்தது என்னுடைய கை. அப்பா மன்னித்துவிட்டால் நானும் மன்னித்ததாக ஆகிவிடும் என்று பயந்தேன். அவர் எதையும் மறக்கிற ஆள் இல்லை என்றுதான் தைரியமாக இருந்தேன். அவர் மறக்காமலே வரத் துணிந்துவிட்டார்.

போன வாரம் நீங்கள் ஜன்னலோரக் கட்டிலைப் பற்றியும் அடுத்த மூன்று மாதத் தீனியைப் பற்றியும் எழுதியதை வாசிக்கும்போது என்னால் எதையும் மாற்றிச் சொல்ல முடியவில்லை. இருந்ததை இருந்தபடி வாசித்தேன். நான் செய்ததையும் சொன்னேன். அப்பா எழுந்து போய்க் கூண்டில் தண்ணீர் தெளித்தார். பிறகு, "ஏப்ரல் ரெண்டு, புதன்கிழமை, காலையில பதினோரு மணி. நீ அந்த நீலச் சேலை உடுத்திருந்தே. ஞாபகம் வச்சிக்கிடுதேன்" என்றார். அவர் மண்டையில் உங்கள் பக்கத்தில் இப்போது நானும் சேர்ந்துவிட்டேன்.

கைநாட்டு வைத்தால் உங்களை விடுவார்களா என்று இல்லத்துக்குப் போன் செய்து கேட்டேன். விடுவார்கள். மாடி அறையைக் கூட்டி வைத்திருக்கிறேன். கூண்டு அங்கேதான் இருக்கிறது. சாப்பிடக் கீழே வரலாம். அதற்கு மேல் இப்போது என்னிடம் எதுவும் கேட்க வேண்டாம். கேட்கலாம் என்றால் நானே சொல்லுவேன்.

பஸ்ஸில் அப்பா இதை வாசிக்கச் சொல்லுவார். கையைப் பற்றியும் பயத்தைப் பற்றியும் எழுதியதை விட்டுவிட்டு, இந்தக் கடைசிப் பகுதியை மட்டும் வாசித்துக் காட்டுங்கள். அவர் இல்லாத காலையில் கப்பித்தான் பட்டினி கிடக்குமோ என்று நேற்றிலிருந்து புலம்புகிறார். கிடக்காது. மூன்று வெட்டுக்கிளி, நாலு அந்துப்பூச்சி, கணவாய்ப் பொடியில் புரட்டி நானே கொடுக்கிறேன். டேவிட்சன் நேற்று ஒரு டப்பா நிறையக் கரப்பான் கொடுத்துவிட்டான், நல்ல சத்தாம். அதை மட்டும் நான் திறக்க மாட்டேன். நீங்கள் வந்து திறங்கள்.

ஹில்டா