வடக்கு மூலையில் ஈரச் சாக்கு

நயினாரே,

இன்று காலை மாடியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது உங்கள் வாசனை வந்தது. தப்பாக நினைக்காதீர்கள், ஈரச் சாக்கும் பச்சை சிமெண்டும் கலந்த வாசனையைச் சொல்கிறேன். மகன் மாடியில் ஓர் அறை கட்டுகிறான். மேல்தளம் போட்டு முடித்த மேஸ்திரி, "தண்ணி மட்டும் காயக்கூடாது சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். சாக்கு போடச் சொல்லவில்லை. நானாகத்தான் அவலூர்பேட்டைச் சந்தை வியாபாரியிடம் பழைய நெல் சாக்குகளைக் கேட்டு வாங்கி, நனைத்து, மூலை மூலையாகப் போர்த்தினேன். மகன் சிரித்தான். "இன்னாப்பா, கொழந்தைக்குப் போத்துற மாதிரி போத்துற?" என்றான். நான் உங்களைக் கேலி செய்ததும் இதே வார்த்தையில்தானே!

செஞ்சியில் நம் வீடுகள் இரண்டு தெரு தள்ளித்தான். ஆனாலும் நாம் பழகியது ஸ்ரீஹரிகோட்டாவில். நான் வேலையாட்களை ஏற்றி இறக்கும் பஸ்ஸை ஓட்டினேன். நீங்கள் ஏவுதளத்தின் சிவில் பராமரிப்பு மேற்பார்வையாளர். ஏவுதளம் என்றதும் ஊரில் ஏதேதோ கற்பனை செய்கிறார்கள். நாம் பார்த்தது கடலோரத்தில் கனமாகப் போட்ட கான்கிரீட் தரை, பக்கத்தில் துருப்பிடிக்காமல் இருக்க ஓயாமல் பெயிண்ட் கேட்கும் ஓர் இரும்புக் கோபுரம், அவ்வளவுதான். ராக்கெட் போனதும் நாங்கள் எல்லோரும் வானத்தைப் பார்த்துக் கைதட்டுவோம். நீங்கள் மட்டும், "மூல இன்னா ஆச்சோ" என்று முணுமுணுப்பீர்கள். நெருப்பு ஒவ்வொரு முறையும் வடக்கு மூலையைத்தான் பேர்த்துப் போடும். மறுநாளே கொத்தி எடுத்து, புதிதாகக் கான்கிரீட் போட்டு, சாக்கைப் போர்த்திவிட்டுத்தான் உங்களுக்குச் சாப்பாடு இறங்கும்.

சாப்பாடு என்றதும் சிரிப்பு வருகிறது. பொழுது சாய்ந்தபின் நீங்கள் எதையும் வாயில் வைப்பதில்லை. உங்கள் சமண வீட்டில் அது பரம்பரை வழக்கம். ராக்கெட்டுக்கு அது தெரியுமா? மாலையில் ஏவுகிற நாளில் எல்லோரையும் தளத்திலிருந்து அப்புறப்படுத்தும்போது, வெங்காயம் பூண்டு இல்லாத உங்கள் எலுமிச்சம் சாதத்துக்காக என் பஸ் சவுக்குத் தோப்போரம் நிற்கும். உள்ளே இருப்பவர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். அப்புறம் பழகிவிட்டார்கள். அப்புறம் அதுவே சகுனமாகிவிட்டது. "நயினார் சாப்டாச்சா?" என்று அதிகாரியே வயர்லெஸ்ஸில் கேட்க ஆரம்பித்தார்.

அந்த மேகமூட்டமான நாளை மறந்திருக்க மாட்டீர்கள். வானம் கறுத்திருந்ததால் பொழுது போய்விட்டது என்று நினைத்து டப்பாவைத் திறக்காமலேயே பையில் வைத்துவிட்டீர்கள். அந்த நேரம் பார்த்து ஏதோ ஒரு வால்வு சரியில்லை என்று கவுண்ட்டவுனை நிறுத்தினார்கள். பஸ் முழுக்க உங்களையே முறைத்தது. "யோவ், நான் இன்னாய்யா பண்ணேன்?" என்று பரிதாபமாகக் கேட்டீர்கள். திடீரென்று மேகம் விலகி, மேற்கே வெயில் எட்டிப் பார்த்தது. உங்களை யாரும் கேட்கவில்லை, நாலு கைகள் சேர்ந்து டப்பாவைத் திறந்தன. நீங்கள் அள்ளி அள்ளி விழுங்கினீர்கள். கடைசிக் கவளம் இறங்குவதற்குள் வால்வு சரியாகிவிட்டது. அன்று ராக்கெட்டை விட உங்களுக்குத்தான் கைதட்டல் அதிகம்.

பிறகு தீவின் இன்னொரு பக்கத்தில் பெரிய ஏவுதளங்கள் வந்தன. நம் பழைய தளத்துக்கு வேலை குறைந்தது. கொஞ்ச நாள் சிறிய ராக்கெட்டுகளைச் சோதித்தார்கள். கொஞ்ச நாள் தீயணைப்புப் பயிற்சி நடந்தது. அப்புறம் கேபிள் உருளைகளை அடுக்கினார்கள். மழைக்காலத்தில் தீவின் காட்டு மாடுகள் மேட்டுக்கு ஏறி வந்து, கதகதப்பாக இருக்கிறது என்று அங்கேயே படுத்து அசைபோட்டன. நீங்கள் மட்டும் விடவில்லை. வெடிப்பில் முளைத்த செடியைப் பிடுங்குவதும், சாணியைக் கழுவிவிட்டு மூலைக்குப் பூச்சு வைப்பதுமாக இருந்தீர்கள். "மாடு படுக்குறதுக்கு எதுக்கு நயினாரே இவ்ளோ மெனக்கெடறீங்க?" என்று கேட்டேன்.

"தளம் நல்லா இருந்தா யாராச்சும் வருவாங்கய்யா," என்றீர்கள்.

அப்போது எனக்கு நம்பிக்கையில்லை, உங்கள் மனம் நோகக்கூடாதென்று தலையாட்டினேன்.

ஓய்வு பெற்று ஊருக்கு வந்தபின் காலையில் கோட்டைப் பக்கம் நடப்போம். பீரங்கி வைத்திருந்த மேடையில் உட்கார்ந்து கால் நீட்டுவீர்கள். பக்கத்தில் கல்லூரிப் பிள்ளைகள் செல்பி எடுப்பார்கள், கடலை விற்கிற அம்மாள் கூடையை இறக்கி வைப்பார். "பாருய்யா, இங்கேர்ந்து குண்டு போட்டானுங்க. இப்போ போட்டோ புடிக்கிறானுங்க. கல்லு கோவிச்சிக்கிச்சா? எதுக்கோ ஒண்ணுக்கு ஒதவுது, போதும்," என்பீர்கள். ஊரே கோட்டையின் பழம்பெருமையைப் பேசும்போது, அதில் கடலைக்கூடை வைக்க இடம் இருப்பதற்காகச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் நீங்கள்தான்.

ஆனால் பழைய தளத்தை இடித்துவிட்டு வேறு ஏதோ கட்டப்போகிறார்கள் என்று பேச்சு வந்ததும் உங்கள் முகம் சுருங்கிவிட்டது. அதற்குப் பிறகு பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான். "இடிச்சிட்டாங்களா, விசாரிச்சியா?" விசாரித்தேன். யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. போன மழைக்காலத்தில் படுக்கையில் விழுந்தபோதும், பேச்சு குழறியபோதும், கண்ணாலேயே அதைத்தான் கேட்டீர்கள். நான் உதட்டைப் பிதுக்கினேன். ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். உங்களிடம் அது செல்லாது என்று விட்டுவிட்டேன்.

தை பிறந்தபின் செய்தி வந்தது. நாலைந்து இளைஞர்கள் சேர்ந்து தொடங்கிய ஒரு கம்பெனி, தாங்களே செய்த சின்ன ராக்கெட்டை ஏவப் பழைய தளம் ஒன்றைக் கேட்டு வாங்கியிருக்கிறது. படத்தைப் பார்த்தேன். நம் தளம்! கோபுரத்துக்குப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். வடக்கு மூலையில் உங்கள் பூச்சு, மற்ற இடத்தைவிட வெளுப்பாக, சதுரமாகத் தெரிந்தது. நடுத்தெருவில் நின்று, "நம்மளுதுடா!" என்று கத்திவிட்டேன். ஆட்டோக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

ஏவியது நேற்று மாலை. உங்கள் வீட்டுக்காரம்மாவை அழைத்து வந்து மாடியின் பழைய பாதியில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். பெரிய ராக்கெட்டாக இருந்தால் வடகிழக்கே ஒரு கங்கு போலத் தெரியும். இது சின்னது, போனில்தான் பார்க்க வேண்டும். நேரம் நெருங்கியதும் கவுண்ட்டவுன் நின்றுவிட்டது. காரணம் சொல்லவில்லை. இத்தனை நாள் காத்திருந்து, பையன்கள் கிளப்ப முடியாமல் போய், தளமும் வேண்டாம் என்று விட்டுவிட்டால்?

அக்கா நிதானமாகக் கேட்டார்கள். "தம்பி, நீங்க சாப்டீங்களா?"

"இல்லக்கா. டென்ஷன்ல எறங்கல."

"அதான் நிக்குது," என்று பையிலிருந்து எடுத்தார்கள். உங்கள் டப்பா, நயினாரே. எலுமிச்சம் சாதம், பாசிப்பயறு சுண்டல். சூரியன் ராஜகிரிக் கோட்டை மலைக்குப் பின்னால் இறங்க இன்னும் ஒரு சாண்தான் இருந்தது. "ம், சீக்கிரம்," என்றார்கள். நான் அள்ளி அள்ளி விழுங்கினேன்.

நம்பினால் நம்புங்கள், டப்பா காலியாகவும் கவுண்ட்டவுன் மறுபடி ஓடவும் சரியாக இருந்தது.

ராக்கெட் போனது. மகன் விசிலடித்தான். போனில் அந்தப் பிள்ளைகள் கட்டிப்பிடித்து அழுதார்கள். நானும் அழுதேன், வெட்கமில்லை. அக்கா மட்டும் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. புகை விலகியதும் கேமரா கீழே வந்து தளத்தைக் காட்டியது.

"மூல பேந்துச்சா?"

நான் படத்தைப் பெரிதாக்கினேன். "இல்லக்கா. கறுத்துதான் இருக்குது. பேரல."

டப்பாவை மூடிப் பையில் வைத்தார்கள். "கேட்டுக்கினே கண்ண மூடிட்டாரு. நீங்களே சொல்லிடுங்க," என்றார்கள்.

அதனால்தான் எழுதுகிறேன். இடிக்கவில்லை, நயினாரே. ஆள் வந்தாயிற்று. மூலை நன்றாக இருக்கிறது.

வெயில் ஏறிவிட்டது. மாடியில் சாக்கு காய்ந்திருக்கும், போய் நனைத்துவிட்டு வருகிறேன்.