மெல்ல ஓடாத கார்

இன்று காலை காரின் உறையைக் கழற்றிக் கதவைத் திறந்தபோது உமது யூக்கலிப்டஸ் தைலம் மணத்தது. ஓட்டப் புறப்படுமுன் முழங்காலில் தடவிக்கொள்வீர். நீர் இறந்துபோய் ஒரு வருடமாகப் பூட்டிக் கிடந்தும் அந்த மணம் போகவில்லை. வாங்க வந்தவர்கள் வாசல் படலையடியில் காத்திருக்க, நான் கதவைப் பிடித்தபடி நின்றேன்.

ஆம், விற்கத்தான் நினைத்தேன். நான் கார் ஓட்டியவனல்ல. இனிப் பழகும் வயதுமில்லை. சும்மா நிற்கும் காருக்குப் பற்றரி மாற்றியே களைத்துவிட்டேன். கனடாவிலிருந்து நம் மகளும் கிழமைதோறும் அதையே கேட்கிறாள்.

ஓய்வுபெற்ற பிறகு நமக்குள் நடந்த வழக்கு நினைவிருக்கிறதா? புதுக் கார் ஒன்றை லீசிங்கில் எடுப்போம், மாதாமாதம் கட்டினால் போதும், திருத்த வேலைத் தொல்லை இல்லை என்று பலநாள் யோசித்துச் சொன்னேன். நீர் கேட்டதோ கொழும்பில் ஒரு டொக்டர் வைத்திருந்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே கதவு, நிலத்தோடு பதிந்த உடம்பு.

"கட்டி முடியுமட்டும் அது கொம்பனியின்ரை கார். இரவல் சீலை உடுத்த மாதிரிப் பயந்து பயந்து ஓடவேணும்" என்றீர். போர்க்காலத்தில் ஆமி மூடிய உமது ஊர் மயிலிட்டிக்குப் பாதை அப்போதுதான் திறந்திருந்தது. "இத்தனை வருஷம் போகாமல் இருந்த றோட்டிலை இனி மெல்லவும் போகவேணுமே?"

அந்தச் சிவப்புக் காரையே வாங்கினோம். பக்கத்து இருக்கையில் நான் கண்ணை மூடிக்கொள்வேன். "கண்ணைத் திறவுங்கோ, கடல் வருது" என்பீர்.

இன்று வாங்க வந்தவன் ஒரு சண்டிலிப்பாய்ப் பெடியன். நம்மூர் வழக்கப்படி முதலில் ஆர் வைத்திருந்த கார் என்றுதான் கேட்டான். அவனைக் கூட்டி வந்த புறோக்கர் என்னைக் காட்டி முந்திக்கொண்டார். "மாஸ்டரின்ரை கார், தம்பி. வாத்தியார் ஓட்டம். முப்பதுக்கு மேலை போயிராது."

பெடியனின் முகம் மலர்ந்தது. நான் பேசாமல் இருந்திருந்தால் விற்பனை முடிந்திருக்கும். பேசாமல் இருப்பது எனக்குப் புதிதுமல்ல. ஆனால் நீர் அதில் ஏறியதே இல்லை என்பதுபோல அது என் பெயரில் படலை தாண்டிப் போயிருக்கும்.

"இது என்ரை மனிசி ஓடின கார், தம்பி" என்றேன். "வேகமாத்தான் ஓடினவ."

"மாஸ்டர், உந்தக் கதையை இப்ப ஆர் கேட்டது?" என்று புறோக்கர் தலையில் கைவைத்தார். பெடியன் வீட்டில் கேட்டுச் சொல்வதாகப் போய்விட்டான். வரமாட்டான்.

சரியாகத்தான் செய்தேனா, தெரியவில்லை. மகளுக்கு என்ன சொல்வதென்றும் தெரியவில்லை. அடுத்து வருபவர் கேட்டாலும் உம்மைத்தான் சொல்வேன். விலை குறைந்தால் குறையட்டும்.